மூளி அடுப்பும் தூளி மீட்டரும்

தங்கை குழந்தைக்கு இழுப்பு வந்து, மூன்றாவது தடவை நெபுலைசர் (மருந்தை மூச்சோடு உள்ளே செலுத்தும் மெஷின்) வைக்கப் போனபோதுதான் டாக்டர் கேட்டார்: “வீட்டுல யாராவது சிகரெட், பீடி பிடிக்கிறாங்களா?” இல்லை என்றோம். பொய் இல்லை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் சென்னையில், மாப்பிள்ளை துபாயில். வீட்டில் இருப்பது அம்மா, தங்கை, தங்கையின் 14 மாதக் குழந்தை. யாரும் பிடிப்பதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது குட்டி என் தோளில் தூங்கிப்போனாள். தலைமுடியில் சாம்பிராணி வாசனையும் விறகுப் புகை வாசனையும் கலந்து அடித்தது. அப்போதுதான் உறைத்தது. டாக்டர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நாங்கள்தான் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

ஊர் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. சவுக்குத் தோப்பு உள்ள பக்கம், ஆகவே சவுக்கு மிளாறுக்குப் பஞ்சமே கிடையாது. வீட்டில் கேஸ் இல்லாமல் இல்லை. பால், டீ, தாளிப்பு எல்லாம் கேஸில்தான். ஆனால் சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் மூன்றும் விறகில். “சும்மா கிடைக்கிற மிளாறை விட்டுட்டு சிலிண்டருக்கு எவன் அழுவான்” என்பது அம்மா கட்சி. அந்தக் கட்சியை நான் எதிர்க்கவில்லை. கேஸ் இணைப்பு கொடுப்பது ஒருமுறைச் செலவு, சிலிண்டர் மாற்றுவது ஆயுள் முழுக்கச் செலவு. 2016-ல் உஜ்வலா திட்டம் தொடங்கியபின் அடுப்பும் இணைப்பும் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன, ஆனால் அதே வீடுகளில் விறகடுப்பும் பக்கத்திலேயே எரிகிறது. எங்கள் வீடு அதற்கு நல்ல உதாரணம்.

அதனால் அடுப்பை மாற்றாமல் புகையை வெளியே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் அளந்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பிழைப்பு எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் என்பதால் இந்தப் பகுதி எனக்குக் கைவந்தது.

பிஎம்எஸ் 5003 என்று ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. உள்ளே ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கும், லேசர் ஒளி அந்தக் காற்றின் குறுக்கே விழும், தூசு பட்டுச் சிதறும் ஒளியை வைத்து பிஎம் 2.5 அளவைக் கணக்கிடும். பிஎம் 2.5 என்றால் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சின்ன துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது, மூக்கு முடியும் சளியும் தடுக்க முடியாமல் நுரையீரலின் கடைசி அறை வரை போகும். சென்சாருக்கு 5 வோல்ட் வேண்டும், ஆனால் அது பேசுவது 3.3 வோல்ட்டில். அதனால் ஈஎஸ்பி8266 என்ற வைஃபை உள்ள குட்டி கம்ப்யூட்டர் போர்டோடு நேரடியாக இணைத்துவிடலாம். இரண்டு செட் செய்து, பக்கவாட்டில் ஓட்டை போட்ட சோப்பு டப்பாக்களில் அடைத்தேன்.

இங்கேயே முதல் சொதப்பல். இந்த சென்சார் ஒவ்வொரு முறையும் 32 பைட் அனுப்பும். அதில் பிஎம் 2.5 இரண்டு தடவை வரும்: ஒன்று தொழிற்சாலைக் கணக்கு, மற்றது சாதாரணக் காற்றுக்கான கணக்கு. காற்று சுத்தமாக இருக்கும்போது இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். புகை ஏற ஏற முதலாவது எக்கச்சக்கமாக மேலே போய்விடும். நான் ஒரு போர்டில் அதையும் இன்னொன்றில் இதையும் படிக்கும்படி எழுதிவைத்திருந்தேன். ஒரு வாரப் பதிவு குப்பைக்குப் போனது. அப்புறம் புத்தி வந்து, இரண்டு டப்பாவையும் ஒரு ராத்திரி முழுக்க ஒரே ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் இடம் மாற்றினேன். யாராவது செய்வதாக இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்.

ஒன்றை சமையலறையில், அம்மா பலகை போட்டு உட்காரும் உயரத்தில் மாட்டினேன். இன்னொன்று கூடத்தில், தூளி தொங்கும் உத்திரத்துக்குப் பக்கத்தில், குட்டியின் தலை மட்டத்தில். அம்மா அதற்குத் தூளி மீட்டர் என்று பெயர் வைத்தார். அடுப்பு எரிவது சமையலறையில், பிள்ளை தூங்குவது கூடத்தில். நடுவில் சுவர். அதனால் கூடத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

சமையலறை மீட்டர் சமைக்கும் நேரத்தில் 1000-க்கு மேல் போய் நின்றது. கன மீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். இந்த சென்சாரை 500 வரைதான் நம்பலாம், அதற்கு மேல் காட்டுவதை ‘ரொம்ப’ என்று எடுத்துக்கொண்டால் போதும். தூளி மீட்டர் அதே நேரத்தில் 220-லிருந்து 300 வரை காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு 24 மணி நேர சராசரிக்கு 15. நம் நாட்டு வரம்பு 60.

சுவர் இருக்கும்போது எப்படி? அண்ணாந்து பார்த்தால் தெரிகிறது. வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இடைச்சுவர் ஏழடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் கூரை வரை திறப்பு. சூடான புகை மேலே ஏறி, கூரையைத் தொட்டு, அந்தத் திறப்பு வழியாகக் கூடத்துக்கு வழிந்து, ஆறி, அங்கே இறங்குகிறது. கூரையின் உள்பக்கம் சமையலறையில் எவ்வளவு கறுப்போ, கூடத்தில் தூளிக்கு நேர் மேலேயும் அதே கறுப்பு. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், கண்ணில் பட்டதில்லை.

கொஞ்சம் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுடையது கொடியடுப்பு. தாய் அடுப்பில் விறகு எரியும், பக்கத்தில் கொடி என்கிற துணை அடுப்பு, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுரங்க வழி. தாயின் அனல் கொடிக்குப் போய் அங்கே குழம்பு கொதிக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான்: புகையில்லா அடுப்புக்கு வேண்டிய முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது. கொடியோடு நிற்கும் வழியை இன்னும் ஒரு முழம் நீட்டி, ஒரு குழாயில் சேர்த்துவிட்டால் முடிந்தது. 1983-ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, ஊர் ஊராகப் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் இரண்டு வீட்டில் இருந்ததாம். குழாய் அடைத்துக்கொண்டதும் அடுப்பு உடைந்தது, யாரும் திரும்பப் போடவில்லை. ‘குழாய் அடைத்துக்கொண்டதும்’ என்பதை மட்டும் நோட்டில் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் வேலை தொடங்கியது. ஏரிக் களிமண் நான்கு கூடை, புற்றுமண் இரண்டு கூடை, கொஞ்சம் மணல், உமி, சாணம். மூன்று நாள் ஊற வைத்து மிதித்தோம். பதம் பார்ப்பது அம்மா வேலை. ஒரு கை மண்ணை எடுத்து முறுக்கு போல உருட்டி, விரலில் சுற்றிப் பார்ப்பார். விரிசல் விட்டால் இன்னும் மிதிக்க வேண்டும். மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டேன்.

சுரங்க வழிக்கு அச்சாக வாழைத்தண்டை வைத்தோம். நாலு அங்குல கனத்தில் இரண்டு துண்டு: தாயிலிருந்து கொடிக்கு ஒன்று, கொடியிலிருந்து குழாய் வாய்க்கு ஒன்று. மேலே மண் அப்பி, இரண்டு நாள் கழித்து மண் இறுகியதும் தண்டை முறுக்கி உருவிவிட வேண்டும். கொடிக்கு அடியில் மண்ணால் ஒரு சின்ன மேடு கட்டினேன். மேட்டுக்கும் பானையின் அடிக்கும் மூன்று விரல் இடைவெளி. மேடு இல்லாவிட்டால் அனல் பானையைத் தொடாமல் நேரே குழாய்க்கு ஓடிவிடும், குழம்பு கொதிக்காது, அம்மா குழாயைப் பிடுங்கி எறிவார்.

பெரிய சண்டை குமிழில்தான் வந்தது. நம் அடுப்பின் விளிம்பில் மூன்று குமிழ் இருக்கும், பானை அதன் மேல் உட்காரும். அடியில் விடும் சந்து வழியாகத்தான் பழைய அடுப்பு மூச்சு விடுகிறது. குழாய் வைத்த அடுப்பில் அந்தச் சந்துதான் எதிரி. அது வழியாகப் புகை வீட்டுக்குள் வரும், அல்லது வெளிக்காற்று உள்ளே புகுந்து குழாயின் இழுவையைக் கெடுக்கும். குமிழ் வேண்டாம், விளிம்பைச் சமமாக விடுங்கள் என்றேன். அம்மா கையில் மண்ணோடு நிமிர்ந்து பார்த்தார்.

“குமிழ் இல்லாத அடுப்பு மூளி அடுப்புடா. யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்மா. புகை வந்தா திரும்ப வெச்சுத் தரேன்.”

“நீ சென்னைக்குப் போயிடுவ. நான்தான் மூளியோட குடும்பம் நடத்தணும்.”

கடைசியில் விட்டுக்கொடுத்தார். ஆனால் அவர் சொன்ன இன்னொன்று நியாயம்: வீட்டில் நாலு அளவு குண்டான் இருக்கிறது, எல்லாம் ஒரே துளையில் உட்காராது. பட்டறையில் மூன்று இரும்பு வளையம் வெட்டி வாங்கினேன், ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்படி. சின்னப் பாத்திரத்துக்கு உள்வளையத்தை விடுவது, பெரியதற்கு எடுப்பது.

குழாய்க்கு முதல் யோசனை கூரையில் துளை போட்டு நேரே மேலே கொண்டுபோவது. இழுவைக்கு அதுதான் சிறந்தது. வந்த கொத்தனார் கட்டிங் மெஷினை எடுத்து பிளக் தேடிக்கொண்டிருந்தார். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். ஆஸ்பெஸ்டாஸை மெஷின் வைத்து அறுத்தால் பறக்கும் நார், நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். அதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்குபவைதான். ஒரு புகையை நிறுத்தப் போய் அதைவிட மோசமான தூசைக் கிளப்பத் தேவையில்லை. கொத்தனாருக்கு வருத்தம், “நாங்க இருபது வருஷமா அறுக்கிறோம் சார்” என்றார். அதுதான் பயமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. முகத்துக்கு ஒரு துணியாவது கட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சுவர் வழியாகப் போனோம். நாலு அங்குல ஜிஐ தகரக் குழாய். சுவரைத் தாண்டும் இடத்தில் செங்குத்து வளைவு வைக்காமல் சாய்வாக. வெளியே அடியில் ஒரு டி வடிவ இணைப்பு, அதன் கீழ்வாய்க்கு ஒரு மூடி. கரி அங்கே விழும், மூடியைக் கழற்றித் தட்டிவிடலாம். மேலே பத்தடி உயரம், உச்சியில் மழைத் தொப்பி. குழாய், வளையம், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். மண்ணுக்குக் காசில்லை.

நிழலில் பத்து நாள் காய்ந்தது. விழுந்த விரிசலுக்கெல்லாம் அதே மண்ணைக் கரைத்துப் பூசி, அம்மா சாணம் மெழுகி, கோலம் போட்டு, கற்பூரம் காட்டி, வெள்ளிக்கிழமை காலை தீ மூட்டினார். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் இருமிக்கொண்டு வாசலில் நின்றோம். மொத்தப் புகையும் அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வந்தது. பழைய அடுப்பே தேவலை.

குழாய் ஏன் இழுக்கிறது என்பது எளிய விஷயம். உள்ளே இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட லேசு, அதனால் மேலே போகிறது. குழாய்க்குள் சராசரி 150 டிகிரி, வெளியே 30 டிகிரி, உயரம் 3 மீட்டர் என்றால் கிடைக்கும் இழுவை சுமார் 10 பாஸ்கல். தம்ளரில் ஸ்ட்ரா போட்டு தண்ணீரை ஒரு மில்லிமீட்டர் மேலே உறிஞ்சுகிற பலம், அவ்வளவுதான். இந்த ஒரு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டுதான் மொத்தப் புகையையும் இழுக்க வேண்டும். வழியில் சின்னத் தடை இருந்தாலும் தோற்றுப்போகும்.

அடுப்பு ஆறியதும் கொடித் துளை வழியாகக் கையை விட்டேன். முழங்கை வரை போனதும் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. இழுத்தால் வாழைத்தண்டு. உருவும்போது பாதியில் அறுந்து, ஒரு சாண் நீளம் உள்ளேயே தங்கியிருக்கிறது. ஒரு பக்கம் கரிந்து, மறுபக்கம் இன்னும் பச்சையாக, வெந்த வாசனையோடு. தங்கை சிரித்த சிரிப்பில் தூளியில் இருந்த குட்டி எழுந்துகொண்டாள்.

அதை எடுத்தபின் முக்கால் பங்கு சரியானது. மீதிக் கால் பங்கு சாயங்காலம் மட்டும் தலைகாட்டியது. காலையில் நன்றாக இழுக்கும் குழாய், நாலு மணிக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் புகையைத் திருப்பித் தள்ளும். குழாயின் உச்சி கூரை முகட்டைவிடத் தாழ்வாக இருந்தது. முகட்டைத் தாண்டி வரும் காற்று சுழன்று இறங்கி, குழாய்க்குள் ஊதியது. இன்னும் மூன்றடி குழாய் வாங்கிச் சேர்த்து, கம்பியால் இழுத்துக் கட்டியதும் நின்றது. வெளியே நிற்கும் குழாய் காலையில் சில்லென்று இருப்பதால் முதல் இரண்டு நிமிஷம் மக்கர் செய்யும். டி இணைப்பின் மூடியைக் கழற்றி ஒரு தாள் பேப்பரைக் கொளுத்திக் காட்டிவிட்டு அடுப்பு மூட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறது. சரியாக இழுக்கிறதா என்று பார்க்க அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் ஊதுபத்தி காட்டினால் போதும், புகை நூல் போல உள்ளே போகும். ஊதுகுழலுக்கு வேலையே இல்லை. ஆனால் இழுவை அதிகமாகி விறகு சீக்கிரம் தீர்கிறது என்று மறுவாரமே அம்மா சொன்னார். குழாயில் ஒரு வெட்டு போட்டு, உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் தகரத் தட்டு ஒன்று வைத்துக் கொடுத்தேன். தீ பிடித்ததும் தட்டைப் பாதி தள்ளிவிடுகிறார்.

சமையலறை மீட்டர் இப்போது சமைக்கும்போது 120-லிருந்து 180 காட்டுகிறது. அந்த வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. தூளி மீட்டரும் சமையல் நேரத்தில் 80 பக்கம் இறங்கிவிட்டது. இடைச்சுவருக்கு மேலே இருந்த திறப்பைப் பழைய சிமெண்ட் போர்டு வைத்து அடைத்து, அதற்குப் பதிலாகச் சமையலறையின் வெளிச்சுவரில் உயரத்தில் புகை வெளியேற ஓட்டை ஓட்டையாக உள்ள ஒரு ஜாலி வைத்ததும் 45. வெறுமனே திறப்பை மட்டும் அடைத்திருந்தால் அம்மா முகத்தில் புகை தங்கியிருக்கும்.

பிறகு 24 மணி நேர சராசரி போட்டுப் பார்த்தேன். தூளிப் பக்கம் 118. அடுப்பு அணைந்து கிடக்கும் நேரத்திலும் எங்கிருந்தோ புகை வருகிறது.

நிமிஷவாரியாகப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு குன்றுகள் நின்றன. ஒன்று, காலை பத்தரை வாக்கில் ஊசி மாதிரி ஏறி 900 தொட்டு, இறங்க முக்கால் மணி நேரம் எடுப்பது. மற்றது, இரவு ஏழரைக்கு ஏறி விடிய விடிய இறங்காமல் நிற்பது. இரண்டாவதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: கொசுவத்தி. தூளிக்கு நேர் கீழே, ஒரு தட்டில். ராத்திரி கொசு வருகிறதென்று ஜன்னலும் சாத்தியிருக்கும். சீன, மலேசியக் கொசுவத்திகளை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-ல் வந்தது. ஒரு வில்லை எரிந்து முடியும்போது வரும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று அதில் கண்டிருக்கிறார்கள். டாக்டர் கேட்ட கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில் மறுபடி ஞாபகம் வந்தது.

பத்தரை மணிக் குன்று எதுவென்று எனக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் நான் இருப்பதில்லை. போனில் தங்கையைக் கேட்டேன்.

“பத்தரைக்கு என்னம்மா பண்றீங்க?”

“பாப்பாவைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டுவோம்ணா.”

தணலை வாரி, சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பிள்ளையின் தலையைப் பிடிப்பது. எனக்கும் செய்தார்கள், உங்களுக்கும் செய்திருப்பார்கள். மற்ற எல்லாப் புகையும் காற்றில் கலந்து நீர்த்து வருகிறது. இது ஒன்றுதான் மூக்குக்கு அரையடியில். சின்னப் பிள்ளை நம்மைவிட வேகமாக மூச்சு விடும், உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கும், அதன் மூச்சுக்குழல் நம்முடையதைவிட மிகக் குறுகல். அந்தக் குறுகலில் கொஞ்சம் வீங்கினாலும் இழுப்பு.

அடுப்பை விட இது கடினமான வேலையாக இருந்தது. குழாய் வைப்பதற்கு மண்ணும் தகரமும் போதும், சாம்பிராணியை நிறுத்த அம்மாவிடம் பேச வேண்டும். “தலையில நீர் கோத்துக்கும்டா. அப்புறம் சளி பிடிச்சா உன் மீட்டரா வந்து பாக்கும்?” சளி பிடிப்பது வைரஸால், ஈரத்தால் இல்லை என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. தங்கைதான் வழி கண்டுபிடித்தாள்: குளியலைப் பதினொன்றுக்குத் தள்ளிவிட்டு, திண்ணை வெயிலில் துண்டால் துவட்டுவது. வெள்ளிக்கிழமை மட்டும் சாம்பிராணி, அதுவும் சாமிக்கு, வாசல் பக்கம். கொசுவத்திக்குப் பதில் தூளியைச் சுற்றிப் போர்த்துகிற மாதிரி வலை தைத்தாள், கட்டிலுக்குத் தனி வலை வாங்கினோம். இந்த இரண்டுக்கும் ஆன செலவு குழாய்ச் செலவில் கால்வாசிகூட இல்லை. தூளி மீட்டரின் ஒருநாள் சராசரி 118-லிருந்து 38-க்கு வந்தது. மழைக்கால ஈரத்தில் இந்த சென்சார் கொஞ்சம் கூட்டியே காட்டும், ஆகவே நிஜ எண் இன்னும் குறைவாக இருக்கலாம். 15 ஆகவில்லை. வாசலுக்கு வெளியே வைத்துப் பார்த்தால் அங்கேயே 25, 30 இருக்கிறது.

நுரையீரல் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். குணமாகிவிட்டதா? கார்த்திகையில் வீட்டில் எல்லோருக்கும் சளி வந்தது, குட்டிக்கும் வந்தது, கூடவே லேசாக வீசிங்கும். இந்தத் தடவை நெபுலைசர் வரை போகவில்லை. அதற்கு அடுப்பு காரணமா, பிள்ளை நாலு மாதம் வளர்ந்துவிட்டது காரணமா, அந்த வைரஸே சாதுவானதா என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான வீடுகளை வைத்துச் சொல்வதே சிரமம். குவாத்தமாலா மலைக் கிராமங்களில் அடுப்புப் புகை ஆராய்ச்சியாளர் கிர்க் ஸ்மித்தின் குழுவினர் பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்பு கட்டிக் கொடுத்துக் குழந்தைகளைக் கவனித்தார்கள். முடிவு 2011-ல் வந்தது. மொத்த நிமோனியாவில் அடித்துச் சொல்லும்படி குறைவு தெரியவில்லை, ஆனால் கடுமையான நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குழந்தைகள் மேல் பட்ட புகை பாதிதான் குறைந்தது. அம்மா முதுகில் கட்டிக்கொண்டு போகும் இடமெல்லாம் குழந்தையும் போகிறதே. எங்கள் தூளி மீட்டர் சொன்ன கதையும் ஏறக்குறைய இதுதான்.

எங்கள் மாவட்டமே இன்னொரு பெரிய ஆய்வில் இருந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நாலு நாட்டில் நடந்த ஹாப்பின் ஆய்வில் இந்தியப் பகுதி விழுப்புரமும் நாகப்பட்டினமும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு நடத்தியது. கர்ப்பிணிகளுக்கு இலவச கேஸ் கொடுத்தார்கள், புகை நன்றாகவே குறைந்தது, ஆனால் ஒரு வயதுக்குள் வரும் கடும் நிமோனியா குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. 2024-ல் வந்த இந்த முடிவைப் படித்துவிட்டு ஒரு ராத்திரி எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் அம்மா அடுப்புக்கு முன்னால் இருமாமல் உட்கார்ந்திருந்தார். “இப்பல்லாம் வெங்காயம் உரிக்கும்போதுதான் கண்ணுல தண்ணி வருது” என்றார். சரி, அது போதும் அன்றைக்கு.

மீட்டரைவிட உபயோகமாக நாங்கள் கற்றுக்கொண்டது மூச்சு எண்ணுவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், சும்மா இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு, அன்றைக்கே காட்டிவிட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது, கிளம்பிவிட வேண்டும். கார்த்திகைச் சளியின்போது தங்கை ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து எண்ணி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: 36. இரண்டரைக்கு: 38. நாலு மணிக்கு: 34. மூன்று எண்களையும் போர்வைக்குள் இருந்து பார்த்துக்கொண்டே விழித்திருந்தேன்.

பராமரிப்புக் குறிப்புகள் கொஞ்சம். மாதத்துக்கு ஒருமுறை டி மூடியைக் கழற்றினால் இரண்டு உழக்கு கரி விழுகிறது. நீளக் கம்பியில் சாக்குத் துணி சுற்றி மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் குழாய் சுத்தம். பழைய திட்டத்து அடுப்புகள் செத்தது இதைச் செய்யாமல்தான் என்று அம்மாவுக்குச் சொல்லி, காலண்டரில் அமாவாசைக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கொடிக்கு அடியில் கட்டிய மேடு ஒருமுறை உடைந்தது, பூசினோம். சமையலறை சென்சாரில் எறும்பு கூடு கட்டி, இரண்டு நாள் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. நான் வீடு சொர்க்கமாகிவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது தூளி மீட்டரில் ஒரே ஒரு குன்றுதான் பாக்கி. விடிகாலை ஐந்தே முக்காலுக்கு 90 வரை ஏறி ஆறரைக்கு இறங்குகிறது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அடுப்பே எரிவதில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் வெந்நீர் அடுப்பு எங்கள் கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே. போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசினேன். அத்தை வந்து அம்மாவின் அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், வளையத்தை எடுத்துப் பார்த்தார், வாய்க்கு எதிரே கையை நீட்டிப் பார்த்தார். குழாய் வைத்துக்கொள்ளச் சம்மதம்தானாம். புற்றுமண் மட்டும் நான் கொண்டுவந்து தர வேண்டுமாம், வாழைத்தண்டை அவரே உருவிக்கொள்வாராம்.